அவரைக்குளத்துச் சுமைதாங்கியும் அதன் அருகில் செல்லக்கிளியும்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு, அவரைக்குளத்துக்காரர்கள் பக்கத்து ஊர்த் தேர் பார்க்கப் போயிருந்தார்களாம். மற்றபடி நல்ல ஜனங்கள். சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அதுதான் சங்கடம்.

ஒருநாள் அவர்கள் பேரூராட்சிக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சின்னம் ஏதும் இருந்தால், ஜனங்கள் புழங்கும் வழியை அடைத்து, பார்வையிட்ட அன்று அங்கே இருந்ததையெல்லாம் ஒரு துரும்பும் மாறாமல் காக்க வேண்டும் என்று.

வடக்குச் சந்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிப் போகிற கல்.

"இதுக்கு நூறு வருஷம் இருக்குமா?" என்று கேட்டார் தலைவர் ஆவுடையப்பன்.

கவுன்சிலர் சுடலைமுத்து விரல் விட்டு எண்ணினார். "நான் பொறந்ததுலேருந்து பாக்கேன், நாப்பது. நம்ம இசக்கியம்மா பொறந்ததுலேருந்து பாக்கா, முப்பத்தஞ்சு. தலைவர் அண்ணாச்சி அம்பது. மொத்தம் நூத்தி இருபத்தஞ்சு வருஷப் பழசு."

மறுபேச்சில்லாமல் தீர்மானம் நிறைவேறியது.

மூவரும் பார்வையிடப் போனபோது, அந்தச் சந்திலேயே குடியிருக்கும் இட்லிக்காரி செல்லக்கிளி, பானையைக் கல்லின்மேல் இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். இவர்களைக் கண்டதும் இடுப்பில் கை போனது.

"குழாயில தண்ணி வந்து பத்து நாளாச்சு. உங்களுக்குக் கல்லு பாக்க நேரமிருக்கோ?"

கவுன்சிலர் இசக்கியம்மாள் நோட்டில் எழுதினாள்: "கல் ஒன்று. அதன்மேல் இட்லிப் பானை ஒன்று. அருகில் செல்லக்கிளி ஒன்று, இடுப்பில் கை வைத்துத் தலைவரை ஏசிக்கொண்டிருக்கிறது."

சாயங்காலத்துக்குள் சந்தின் இரண்டு முனையிலும் சுவர் எழும்பிவிட்டது. செல்லக்கிளி உள்ளே.

"எய்யா, பஸ் ஸ்டாண்டுல இட்லி வித்தாத்தான் என் வீட்டுல உலை கொதிக்கும். வழி விடுங்க!"

"மனு எழுதி, ஆபீசுக்கு நேர்ல வந்து குடு தாயி" என்றார் சுடலைமுத்து.

"சுவருக்குள்ள கெடக்கவ நேர்ல எப்படிய்யா வர?"

"அதையும் மனுவுல எழுது."

மனு வரவில்லை. ஆகவே அவளுக்குக் குறை ஏதும் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். நோட்டில் ஏறிய பானையைத் தொடக் கூடாதென்று விட்டதில், இரண்டு நாளில் அதிலிருந்த இட்லி ஊசி, நாற்றம் சுவர் தாண்டி வந்தது. இசக்கியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பழசாகிக்கிட்டே வருது. காவல் நல்லா நடக்கு."

மூன்றாம் நாள் சரிபார்க்க அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. செல்லக்கிளி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"நோட்டுல எழுதுனபடி இங்க ஒரு ஆளு இருக்கணும், அம்புட்டுத்தானே? எனக்குப் பதிலா ஒருத்தர் நில்லுங்க. சேலை நான் தாரேன்."

கூட்டம் கூடி யோசித்தது.

"நான் நிப்பேன். ஆனா அண்ணாச்சியை ஏச எனக்கு வாய் வராதே" என்றாள் இசக்கியம்மாள்.

"எனக்கும் மரியாதை தடுக்கு" என்றார் சுடலைமுத்து.

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நாந்தான் நிக்கணும். என்னை நானே ஏசுனா எனக்குக் கோவம் வராது."

ஏணி வைத்தார்கள். செல்லக்கிளி புதுமாவும் இட்லிக்கொப்பரையுமாக இந்தப் பக்கம் இறங்கி, சாமியைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். தலைவர் சேலையும் வளையலுமாக அந்தப் பக்கம் இறங்கினார்.

அதிகாரி ஏணியில் ஏறி நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கல் சரி. பானை சரி, மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்தம்மாவுக்கு மீசை இருக்கே? நோட்டுல இல்லையே?"

"விட்டுப்போச்சு சார்" என்று இசக்கியம்மாள் "மீசை ஒன்று" சேர்த்தாள். அதிகாரி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

"சரி, உங்க தலைவர் எங்கே?"

ஆவுடையப்பனுக்குக் கடமை ஞாபகம் வந்தது. இடுப்பில் கை வைத்தார். "அந்த வெறும்பய என்னைக்குய்யா சொன்ன நேரத்துல சொன்ன இடத்துல இருந்தான்? குழாயில தண்ணி இல்ல, கேக்க நாதி இல்ல! அவனையெல்லாம் எதுக்கு வச்சிருக்கீக? பதவியை விட்டு எறக்குங்க!" சொல்லச் சொல்ல அவருக்கே நியாயமாகப் பட்டது. அழுகை வந்துவிட்டது.

அதிகாரிக்கும் மனசு உருகியது. "ஒரு தாயோட வயித்தெரிச்சல் பொல்லாதது. தலைவரை இறக்கச் சம்மதிக்கிற கவுன்சிலருங்க கை தூக்குங்க."

சுடலைமுத்து தூக்கினார். இசக்கியம்மாள் தூக்கினாள். தலைவரும் கவுன்சிலர்தானே, அவரும் கை தூக்கப்போக, சுவருக்குள் வளையல் சத்தம் கேட்டது.

இசக்கியம்மாள் பதறிப்போனாள். "அண்ணாச்சி, இடுப்புல இருக்க கையை எடுத்துராதீக! அது நோட்டுல இருக்கு. மத்தக் கையைத் தூக்குங்க!"