மான்சாவின் ‘ஆனா’

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஊர் ஒன்றில் இடைத்தேர்தல். எதிர்க்கட்சி வேட்பாளர் க்வாமினா, தலைநகரில் பேர்போன வக்கீல். கட்சியில் சேர்ந்த அன்றே அவரிடம் வழக்குக் கொடுத்திருந்தவர்கள் அரசாங்கத்துக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். தோற்றால் திரும்பிப் போகத் தொழிலும் இல்லை.

அவருக்கு அரசியல் சொல்லிக்கொடுத்தவர் கட்சித் தலைவர் யோஃபி. இவரும் ஒரு காலத்தில் கறுப்பு அங்கி மாட்டியவர்தான். சீடரைவிடக் குருவுக்கு நாலு வயது குறைவு. அதில் க்வாமினாவுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

முதல் கூட்டத்திலேயே, மீனைப் புகையில் வாட்டி விற்கும் மான்சா எழுந்து நின்றாள்.

“மீன் கொட்டகை போட்டுக் கொடுத்தது ஆளுங்கட்சி. நீங்க என்ன செஞ்சீங்க?”

க்வாமினாவுக்குக் கை பரபரத்தது.

“ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா. கூரை ஒழுகுதா?”

“ஒழுகுது. ஆனா…”

“ஆமாவா, இல்லையா?”

“ஆமா.”

“அவ்வளவுதான். நீங்க போகலாம்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மான்சா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் இன்னும் சில பெண்கள் எழுந்து போனார்கள். க்வாமினா அதைக் கவனிக்கவில்லை. கைதட்டலில் மிதந்துகொண்டிருந்தார், பாவம்.

மேடையிலிருந்து இறங்கியதும் கேட்டார்.

“எப்படி மடக்கினேன், தலைவரே?”

“பிரமாதம். அந்தம்மா ‘ஆனா’ன்னு ஆரம்பிச்சாங்களே, அது என்ன?”

“யாருக்குத் தெரியும்? பேச விட்டாத்தானே! பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது, நம்ம தொழில்ல முதல் பாடமே அதுதானே.”

மறுநாள் காலை யோஃபி க்வாமினாவைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

மான்சா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யோஃபி பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, க்வாமினாவையும் உட்காரவைத்தார்.

“நேத்து பாதியில நின்னதை முடிச்சிடுங்கம்மா.”

அவள் இன்னொரு முறை அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒழுகுது. ஆனா, முன்னெல்லாம் மழை வந்தா அடுப்பே அணைஞ்சிடும். மீனு நாறிப்போயி திரும்பக் கடல்லயே கொட்டுவோம். இப்பப் பாதியாவது தப்பிக்குது. அதைச் சொல்ல விடாம, எல்லார் முன்னாடியும் என்னைப் போகச் சொன்னாரே உங்க ஆளு.”

க்வாமினா வாயைத் திறந்தார். யோஃபி அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

“மீதிப் பாதி?” என்று யோஃபி கேட்டார்.

“எந்தப் பக்கம் ஒழுகுதுன்னு வந்து பாருங்க.”

மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொட்டகை முழுக்க நடந்தார்கள். மான்சா காட்டிக்கொண்டே போனாள். க்வாமினா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

காருக்குத் திரும்பும்போது மெல்லக் கேட்டார்.

“இந்தம்மா ஓட்டு இனிமே நமக்கு விழுமா?”

“தெரியாது, வக்கீல் சார். நேத்து நீங்க குறுக்கு விசாரணை பண்ணினது நீதிபதியை.”