ஆயிரத்தொன்பது வடை

அப்போதெல்லாம் எங்கள் பஞ்சாலையில் தொழிலாளிகள் ஆயிரத்தொன்பது பேர். பொன்விழா போட்டோவுக்குச் சரிசமமான வரிசைகளில் நிற்கச் சொன்னார் மானேஜர் தசரத ராவ். ஒற்றை வரிசை கூடாதாம். மிஞ்சுகிறவர்கள் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாமாம். எட்டு வரிசை நின்றோம், ஒருவர் மிஞ்சினார். பத்து வரிசை நின்றோம், ஒன்பது பேர் மிஞ்சினோம். மேடையில் அவருக்கு மட்டும் நாற்காலி.

கேண்டீனில் வடை சுடும் மாராத்தாள் முன்னால் வந்தாள்.

"சாருங்க, தினமும் ஆளுக்கொண்ணுன்னு ஆயிரத்தொம்பது வடை அடுக்கறனுங்க. எந்தத் தட்டுலயும் வரிசை சரியா வந்ததில்லீங்க. அந்த எண்ணிக்கையே அப்படிங்க."

"அப்ப யாரைக் கழிக்கறது?"

"எதுக்குங்க கழிக்கோணும்? கூட ஒண்ணு வெச்சாப் பத்து வரிசைங்க, வரிசைக்கு நூத்தியொண்ணு."

"இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்?"

மாராத்தாள் நாற்காலியைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

எப்படி வகுத்தாலும் மிஞ்சும் அந்த மாதிரி எண்ணுக்குப் பகா எண் என்று பெயராம். எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆலை போய்விட்டது, மாராத்தாளும் போய்விட்டாள். போட்டோ மட்டும் என்னிடம் இருக்கிறது. பத்து வரிசையும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. அதில் மானேஜர் யாரென்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.