சின்னானின் வாலடிச் சிவப்பு

விலங்கும் பறவையும் செடியும் தம்முள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சின்னான் என்னும் கொண்டைக்குருவி தலை முதல் வால் வரை ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. அது வாழ்ந்த பள்ளத்தாக்கில், மானின் வயிற்றைத் தொடும் அளவுக்குப் புல் வளர்ந்திருந்தது. புல்வெளியின் ஓரங்களில் சூரை, காரை, கிளா ஆகிய புதர்கள் இருந்தன. அவற்றின் பழங்களே சின்னானுக்கு உணவு.

ஓர் ஆண்டு கோடை நீண்டது. புதர்கள் காய்க்கவில்லை. பசி தாங்காத சின்னான் மலையுச்சிக்குப் பறந்தது. கடல் கடந்து வந்த ஒருவர் அங்கே வீடு கட்டித் தோட்டம் வைத்திருந்தார். வேலியோரத்தில், மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூத்த புதுச்செடி ஒன்று நின்றது. உண்ணிச்செடி என்பது அதன் பெயர். அதன் கிளைகளில் கருநீலப் பழங்கள் பளபளத்தன.

"தின்னலாமா?" என்று கேட்டது சின்னான்.

"கேட்டுவிட்டுத் தின்பவரை இன்றுதான் பார்க்கிறேன். வயிறு நிறையத் தின்," என்றது செடி.

"பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"ஒன்றும் வேண்டா. தின்றுவிட்டு வீட்டுக்குப் போ. அது போதும்."

சின்னான் தின்றது, வீட்டுக்குப் போனது. போன வழியெல்லாம் அதன் எச்சம் விழுந்தது. பறவை முன்னோக்கியே பறக்கிறது. தனக்குப் பின்னால் விழுவதை அது பார்ப்பதில்லை.

மழை பெய்ததும் பள்ளத்தாக்கில் அந்தப் பூக்கள் பூத்தன. "தம்பி, நம் காட்டுக்குத் திருவிழா வந்துவிட்டது!" என்று சின்னானிடம் சொல்லிப் பெண்மான்கூட மகிழ்ந்தது. திருவிழா முடியவே இல்லை. முட்கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, ஆண்டுக்கு ஆண்டு பரவிப் புல்லை மூடின. நிழலில் புல் வெளுத்துச் செத்தது. சூரையும் காரையும் மூச்சுமுட்டிப் பட்டுப்போயின. சின்னானுக்கு மட்டும் ஆண்டு முழுவதும் பழம் கிடைத்தது. பருந்து நுழைய முடியாத முட்புதருக்குள் கூடும் கிடைத்தது.

ஒரு நாள் பெண்மான் வந்து நின்றது. அதன் விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

"தம்பி, நாங்கள் போகிறோம்."

"எங்கே, அக்கா?"

"புல் இருக்கும் இடத்துக்கு. அது எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. பசி தாங்காமல் குட்டி இந்த இலையைக் கடித்துவிட்டது. கண் மஞ்சளாகி, காதுத்தோல் வெந்து உரிகிறது. அது நடக்கத் தொடங்கியதும் கிளம்பிவிடுவோம்."

"இவ்வளவு பழம் இருக்கிறதே, அக்கா!"

"உனக்கு இருக்கிறது," என்றது மான்.

சின்னானுக்கு அன்று பழம் இறங்கவில்லை.

செய்தி யானையின் காதுக்கு எட்டியது. "முறித்துப் பார்த்தேன், முறித்த இடத்தில் இரண்டாய்த் துளிர்க்கிறது. இனி நெருப்புத்தான்," என்று சொல்லி, இடி விழுந்து எரிந்துகொண்டிருந்த மரத்திலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டது.

"கொஞ்சம் பொறுங்கள், அண்ணே," என்றது காட்டுப்பன்றி. "அதன் உயிர் கிளையில் இல்லை."

"மூக்கில் சேறு காயாதவன் எனக்குப் பாடம் நடத்துகிறான்!" என்றது யானை. கூடியிருந்தவை எல்லாம் சிரித்தன. பன்றி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

இரை தேடப் போயிருந்த சின்னான் புகையைக் கண்டு திரும்பியது. புதருக்குள் கூடு இருந்ததை யாரும் அறிந்திருக்கவில்லை. முட்கள் அதை அவ்வளவு நன்றாக மறைத்திருந்தன. சின்னான் தீக்குள் பாய்ந்தது.

"பறந்து போங்கள்!"

"எங்களுக்குப் பறக்கத் தெரியாதே, அப்பா!" என்று குஞ்சுகள் அலறின.

"இப்போது தெரிந்துகொள்ளுங்கள்!" என்று அவற்றைத் தலையால் முட்டி வெளியே தள்ளியது. கடைசிக் குஞ்சு சிறகடித்து எழும் வரை அது கூட்டை விட்டு அகலவில்லை. அதற்குள் அதன் தலை கரியாய்க் கறுத்துவிட்டது. தெறித்த கங்கு ஒன்று வாலடியில் ஒட்டிக்கொண்டது. ஆற்றில் விழுந்து எழுந்த பின்னும் கருமை போகவில்லை. கங்கின் சிவப்பும் அணையவில்லை.

மழை வந்தது. எரிந்த நிலத்தில் முதலில் தலைநீட்டியது உண்ணிச்செடியின் துளிர்தான். மான் தன் குட்டியை எழுப்பி நிறுத்தியது. அதன் கால்கள் இன்னும் நடுங்கின.

சின்னான் பன்றியைத் தேடிப் போனது. "மாமா, அதன் உயிர் கிளையில் இல்லை என்றீர்களே. வேறு எங்கே இருக்கிறது?"

"அப்பாடா, கேட்பதற்கு ஒருவராவது வந்தீர்களே!" என்ற பன்றி, ஒரு செடியின் அடியைக் கல்லிக் காட்டியது. "தண்டும் வேரும் சேரும் இந்த முடிச்சைப் பார். இதற்கு மேலே வெட்டினாலும் எரித்தாலும் துளிர்க்கும். இதற்குக் கீழே அறுத்து, வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாய்க் காயப்போட வேண்டும். பூப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பழுத்துவிட்டால், விதையைப் பரப்ப உன்னைப் போல் ஒருவர் போதும்."

பன்றி கல்லிக்கொண்டே போனது. யானை பின்னால் வந்து, ஒவ்வொரு செடியையும் தூக்கித் தலைகீழாய் வைத்தது.

"அண்ணே, தும்பிக்கையில் சேறு," என்றது பன்றி.

"தெரியும். பேசாமல் கல்லு," என்றது யானை.

நிலம் வெறுமையாய்க் கிடந்தது. "மண்ணை இப்படியே விட்டால் அது மறுபடியும் குடியேறும்," என்று பன்றி எச்சரித்தது. ஆற்றின் அக்கரையில் சில சூரையும் காரையும் பிழைத்திருந்தன. சின்னான் அவற்றின் பழங்களைத் தின்று, வெறும் மண்ணின் மேல் தாழப் பறந்தது. இம்முறை எச்சம் எங்கே விழுகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

வழியில், பாறையிடுக்கில் தப்பியிருந்த உண்ணிச்செடி ஒன்று அழைத்தது. "சின்னானே, நன்றாகக் கனிந்திருக்கிறேன். தின்றுவிட்டு வீட்டுக்குப் போ."

சின்னானுக்குப் பசிதான். கிளையில் அமர்ந்து, கழுத்தை வளைத்துத் தன் வாலடியைப் பார்த்தது. பிறகு பறந்து போய், பன்றியை அழைத்து வந்தது.

மறு மழையில் புல் முளைத்தது. மான் போகவில்லை. குட்டி முதல் வாய்ப் புல்லைக் கடித்தபோது, எல்லாரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னானின் வழிவந்தவற்றுள் சில, பசியில் இன்றும் நடந்ததை மறந்து அந்தப் பழத்தைத் தின்றுவிடுகின்றன. அதனால் அந்தச் செடியைப் பூக்கும் முன்பே கல்லி எடுக்கும் வேலை ஆண்டுதோறும் இருந்துகொண்டே இருக்கிறது.

அன்று முதல்தான் சின்னானுக்குக் கரிந்த தலையும் வாலடியில் அணையாத சிவப்பும் வாய்த்தன. அன்று முதல்தான், அது கிளையில் அமரும்போதெல்லாம் கழுத்தை வளைத்துத் தனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.