வில்லோ ஊறிய தண்ணீர்

கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகிற பாதையில், ஒரு குளத்தங்கரையில், தையல்நாயகி அம்மாளின் மடம் இருந்தது. மடம் என்று பெயர்தானே ஒழிய, ஓடு வேய்ந்த நாலு அறையும் ஒரு சமையல்கட்டும்தான். குளத்தைச் சுற்றி வில்லோ மரங்கள். எந்தக் காலத்து வெள்ளைக்காரனோ அழகுக்காக நட்டுவிட்டுப் போனவை. மஞ்சள் மஞ்சளாகக் கொம்புகளைத் தொங்கவிட்டுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

அங்கே சீடராகச் சேர்ந்த கோமதிநாயகம் குருவைவிட வயதில் மூத்தவர். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி உலகம்மாள் காலமான பிறகு சங்கரன்கோவில் வீட்டை விற்றுவிட்டு மலையேறினார். கையில் ஒரு பெட்டி. கூடவே, வேர்மண்ணோடு சாக்கில் கட்டிய ஒரு பன்னீர் ரோஜாச் செடி.

"இந்த அழகுக்குச் செடிக்கும் ஒரு டிக்கெட் வாங்கியிருக்கலாமே சார்," என்றான் சமையல்காரன் முத்துக்கருப்பன்.

"வாங்கினேன்," என்றார் கோமதிநாயகம்.

செடியைக் குளத்தங்கரையில் நட்டார். குளிருக்கு அது பயப்படவில்லை. ஆனால் பூக்கவும் இல்லை. மார்கழியில் உறைபனி கொட்டியதும் நுனிகள் கருத்தன. அந்தக் கருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது.

"கருப்புக்குக் கீழே வெட்டி விட்டா பொழைச்சுக்கும் சார். இல்லேன்னா வேர் வரைக்கும் போயிரும். கத்தரி கொண்டாரவா?"

"தொட்டுப்பாரு. உன் கையை ஒடிச்சிருவேன்."

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கிளைகளின் நுனியில் பழைய வெட்டுகள் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் உலகம்மாள் வெட்டியவை. சாய்வாக, ஒரே இழுப்பில், மழமழவென்று வெட்டியிருந்தாள். கோமதிநாயகம் தினமும் காலையில் போய் அவற்றை விரலால் தடவிப் பார்ப்பார். அவள் கை கடைசியாகச் செய்த வேலைகளில் அது ஒன்று.

தை பிறந்தது. அவர் குருவிடம் போனார்.

"அம்மா, எனக்கு மோட்சம் எல்லாம் வேண்டாம். இந்தச் செடி என்னை விட்டுப் போயிரக் கூடாது. ஒரு வழி சொல்லுங்க. வெட்ட மட்டும் சொல்லாதீங்க."

"சரிங்க ஐயா. சொல்லலை."

அன்று பிற்பகல் தையல்நாயகி அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். மாலைக்குள் குளத்தங்கரை வில்லோக்கள் எல்லாம் கொம்புகள் வெட்டப்பட்டு வெறும் முண்டமாக நின்றன. கோமதிநாயகத்துக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"எவ்வளவு அழகா இருந்தது! இப்படி மொட்டையடிச்சிட்டீங்களே."

"புதுக் கொம்புதான் ஐயா மஞ்சளா இருக்கும். விட்டுவச்சா சாம்பல் நிறமாப் போயிரும்."

மறுநாள் காலை அவர் அறை வாசலில் ஒரு வாளி இருந்தது. தண்ணீர் லேசாகக் கஷாய நிறம். அடியில் துண்டு துண்டாக வில்லோக் குச்சிகள். மடத்தில் இப்படி ஒரு சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பக்தியோடு கால் கழுவினார். அடுத்த நாளும் வாளி வந்தது. அடுத்த நாளும் கால் கழுவினார். கொஞ்சம் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

முத்துக்கருப்பன் பார்த்துவிட்டான்.

"ஐயோ சார்! அதுலயா காலைக் கழுவுறீங்க?" சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. "வில்லோ ஊறின தண்ணி சார் அது. இதுல எந்தச் செடிக் குச்சியைப் போட்டு வச்சாலும் சீக்கிரம் வேர் விடும். அம்மா அதுக்குத்தான் ஊறப்போடுவாங்க."

"எந்தக் குச்சிக்கு இப்போ?"

முத்துக்கருப்பன் ரோஜாச் செடியைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

கோமதிநாயகம் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அம்மாள் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"வெட்டச் சொல்லாதீங்கன்னு கேட்டேனே அம்மா?"

"நான் சொல்லலையே ஐயா."

கோமதிநாயகம் வாளியை இறக்கி வைத்தார்.

"அந்தச் செடி உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அம்மாள்.

கேட்ட மாத்திரத்தில் கோமதிநாயகத்தின் முகம் இளகியது. படியில் உட்கார்ந்தார்.

"கல்யாணமான புதுசுல விழுப்புரத்துல இருந்தோம். பக்கத்து வீட்டுல அவ ஒரு குச்சி கேட்டு வாங்கி நட்டா. அப்புறம் கரூர். அப்புறம் தூத்துக்குடி. கடைசியா சங்கரன்கோவில். எந்த ஊருக்கும் செடியைத் தூக்கிட்டு வந்ததே இல்லம்மா. ஈரத்துணியில சுத்தி ரெண்டு குச்சி, அவ்வளவுதான். மடியில வச்சுட்டு லாரியில முன்னாடி உக்காந்து வருவா. புது வீட்டுல பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி குச்சியை நட்டாகணும்."

"செடி?"

"அங்கேயே நிக்கும். இவ்வளவு பூக்குதே, விட்டுட்டுப் போறோமேன்னு நான் புலம்புவேன். 'அடுத்து வர்றவுகளுக்கு வேண்டாமா? நீங்க லாரிக்காரனைப் பாருங்க, நான் குச்சியைப் பாத்துக்கிடுதேன்'ம்பா." அவர் சிரித்தார். "சும்மா இருக்கிறப்போ கத்தரியைத் தொடவே மாட்டா. ஊர் மாறப் போறோம்னாத்தான் வெட்டுவா. கிளம்புறதுக்கு முந்தின வாரம்..."

வாளியில் கிடந்த குச்சிகளைப் பார்த்தார்.

காற்றில்லை. மொட்டை வில்லோக்கள் குளத்தில் அசையாமல் தெரிந்தன. அவர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"கடைசியா அவ வெட்டினப்போ நான் ரிட்டையர் ஆகியிருந்தேன். எங்களுக்கு எந்த ஊருக்கும் மாற்றல் இல்லை."

அம்மாள் கேட்டார். "அவங்க அன்னைக்கு வெட்டின குச்சியெல்லாம் எங்கே ஐயா?"

"பின்கட்டுல ஒரு வாளித் தண்ணியில போட்டு வச்சிருந்தா. அவளை எடுத்ததும் வீட்டைக் கழுவி விட்டாங்க. யாரோ வாளியைக் கவிழ்த்துட்டாங்க. எனக்கு அது ஞாபகமே இல்லை அம்மா. இப்பத்தான்..."

தையல்நாயகி அம்மாள் எழுந்தார். வாளியை எடுத்துக்கொண்டு போய் ரோஜாச் செடியின் பக்கத்தில் வைத்தார். கருப்பு இறங்காத இடம் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருந்தது.

"இந்த வாளி இன்னும் கவிழலை, ஐயா," என்றார்.