மகர்நோன்பில் பறந்த கம்பி

முடுக்கலூர்ப் பாளையத்தை ஆண்ட விசயபூபதி ராஜாவுக்குத் தொப்பையும் அதிகம், ஆசையும் அதிகம். கப்பல் வியாபாரி ஒருவன் ஆளுயரத் துப்பாக்கி ஒன்றை அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றோடு அரண்மனையில் எல்லாருடைய நிம்மதியும் போயிற்று.

முதல் நாள் ராஜா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சுட்டார். புகைதான் வந்தது. குண்டு போட மறந்திருந்தார்.

"வாழைமரம் ஆடிச்சே, பார்த்தீரா?" என்றார்.

"விழுந்தே போச்சு மகாராஜா!" என்றார் தளவாய் திருமேனிப் பிள்ளை, நிமிர்ந்து நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டே.

இரண்டாம் நாள் குண்டு போட்டார். ஆனால் குழாயைக் கீழே சாய்த்தபடி வேட்டைக் கதை அளந்ததில், குண்டு உருண்டு வந்து அவருடைய கால் பெருவிரலிலேயே விழுந்தது. மூன்றாம் நாள் பொறி பறந்து இடப்பக்க மீசை பொசுங்கியது. வலப்பக்கத்தையும் நாவிதர் மழித்துச் சரிக்கட்டினார். அப்புறம் தினமும் காலையில் ராஜாவுக்கு மையால் மீசை வரைய வேண்டியதாயிற்று. சிரிப்பை அடக்கி அடக்கியே சபைப் புலவர் சொக்கப்பருக்கு விலா நோவு கண்டுவிட்டது.

இந்த நிலைமையில் மகர்நோன்பு வந்தது. விசயதசமியன்று ராஜா பொட்டலுக்குப் போய், வன்னிக்கிளை கட்டிய வாழைமரத்தை அசுரனாகப் பாவித்து அம்பு போடுவது அந்தப் பாளையத்து வழக்கம். "இந்த வருஷம் அம்பு கிடையாது, துப்பாக்கிதான்" என்று ராஜா சொல்லிவிட்டார். கோயில் குருக்கள் தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்கிறார்கள்?

பொட்டலில் ஊரே கூடியிருந்தது. ஓரத்தில் பாளையத்துப் பீரங்கியும் நின்றது. அடுத்த பாளையத்து ராஜாவும் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கிக்குப் பொறுப்பாளர் காசிம் ராவுத்தர், புலவருக்கு நெருங்கிய சிநேகிதர். மருந்து கெட்டிக்க அவர் கையை நீட்டினார்.

"தள்ளி நில்லும். நானே கெட்டிக்கிறேன்" என்றார் ராஜா.

மருந்தைக் கொட்டினார். குண்டைப் போட்டார். நீள இரும்புக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு இடி இடியென்று இடித்தார். அந்த நேரம் பார்த்து விருந்தாளி, "பேஷ்!" என்று சொல்லித் தொலைத்தார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பியை உருவாமலே துப்பாக்கியைத் தோளில் ஏற்றிவிட்டார்.

"மகாராஜா, கம்பி..." என்று ராவுத்தர் வாயெடுப்பதற்குள், டமார்!

ராஜா மல்லாந்து விழுந்தார். கம்பி விர்ரென்று பறந்தது. மரத்தருகே நின்ற தளவாயின் தலைப்பாகையைக் கொத்திக்கொண்டு போய் வாழைமரத்தில் குத்தி நின்றது. தளவாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை காலம் மூடி வைத்திருந்த வழுக்கைதான் ஊருக்குத் தெரிந்து போயிற்று. விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாலு பேர் தூக்கி நிறுத்தியதும் ராஜா கர்ஜித்தார். "எவன்டா கம்பியைக் குழாய்க்குள்ள விட்டது? அவனைப் பீரங்கியில திணிச்சு எல்லைக்கு அந்தப் பக்கம் சுடுங்க!"

"வேற யாரு மகாராஜா, இந்த ராவுத்தன்தான்!" என்று தளவாய் வழுக்கையைத் தடவிக்கொண்டே கை காட்டினார்.

காவலர்கள் ராவுத்தரைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், மனுஷன் சிநேகிதர் பக்கம் திரும்பினார். "புலவரய்யா, நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?" என்றார்.

"ஆமா, ஓய் சொக்கப்பரே! நீரே சொல்லும். யார் விட்டது?" என்றார் ராஜா.

உண்மையைச் சொன்னால் புலவர் உயிர் போகும், வாயை மூடிக்கொண்டால் ராவுத்தர் உயிர் போகும். புலவர் மெதுவாக வாழைமரத்தடிக்குப் போய், குத்தி நின்ற கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"குருக்களே, மகர்நோன்புக்கு என்ன போடணும்?"

"அம்பு போடணும் ஓய்! குண்டு போட்டா அம்பாளுக்கு அடுக்காதுன்னு காலம்பறலேர்ந்து கத்திண்டிருக்கேன்."

"அம்பு எப்படி இருக்கும்?"

"நீளமா, நேரா, பறந்து போய்க் குத்திண்டு..." குருக்கள் கம்பியைப் பார்த்தார். கண் விரிந்தது. "அடடா! அம்பேதான்! அம்பாள் வழக்கத்தைக் காப்பாத்திட்டா!"

கூட்டம் குலவையிட்டது. விருந்தாளியின் சிரிப்பு நின்றது. "துப்பாக்கியால அம்பு போடுறதா! எங்க பக்கம் எவனுக்கும் இந்த மூளை இல்லையே!" என்று பொறாமையோடு முனகினார்.

புலவர் குரலை உயர்த்தினார். "கம்பியை உள்ளே விட்டவர் லேசுப்பட்டவர் இல்லை. புதுசையும் விடலை, பழசையும் விடலை. அவருக்குத்தான் இன்னிக்குக் கோயில்ல முதல் பரிவட்டம் கட்டணும்!"

தளவாய் ஒரே எட்டில் முன்னால் வந்தார். "மகாராஜா, உண்மையைச் சொல்லிடுறேன். கம்பியை உள்ளேயே விடும்னு ராவுத்தர்கிட்ட ரகசியமாச் சொன்னதே நான்தான்!"

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "அடப் புளுகா! என் கையால கெட்டிச்சு, என் கையால விட்ட கம்பி அது! ராவுத்தன் அதைத் தொடவே இல்லை! நான்தான் விட்டேன், நான் மட்டும்தான்!"

பொட்டல் முழுக்கக் கேட்டது. காவலர்கள் ராவுத்தரின் கையை மெல்ல விட்டார்கள்.

புலவர் கைகட்டி வாய்பொத்திக் கேட்டார்: "மகாராஜா, ஆள் அகப்பட்டாச்சு. பீரங்கியை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமா வார்க்கச் சொல்லட்டுமா?"

ராஜா குனிந்து தம் தொப்பையைப் பார்த்தார். பிறகு பீரங்கியின் வாயைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில், மறுபடியும் நாலு பேர் வந்து தூக்க வேண்டியதாயிற்று.