முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்பு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த தோழி சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னார். வழியில் எது கூடியது, எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டபடியே எழுதுகிறேன்.

ஞானசிகாமணி ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இருபத்திரண்டு வருஷ வேலை அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது: கண்ணை மூடியிருக்கிறவன் தூங்குகிறான் என்று நம்பாதே. வீட்டுக்கு வந்து கறுப்புக் கோட்டைக் கழற்றுவார். அந்தப் பார்வையை மட்டும் கழற்றமாட்டார்.

அவர் புது வீடு கட்டினார். உள்ளே எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆசை. பெயிண்ட் கடையில் பதினெட்டு வகை வெள்ளை காட்டினார்கள். முத்து வெள்ளை, பால் வெள்ளை, மல்லிகை வெள்ளை. ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் மஞ்சள் ஒளிந்திருந்தது. ஒன்றில் சாம்பல்.

"எல்லாத்துலயும் ஏதோ கலந்திருக்கு" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து மூன்று தடவை அடிக்கச் சொன்னார். திரை வெள்ளை. சோபா உறை வெள்ளை. படுக்கை விரிப்பும் வெள்ளை.

"ரெண்டு பிள்ளைங்க, ஒரு நாய், ஒரு பூனை. இதுல வெள்ளையா?" என்றாள் மனைவி மரகதம்.

"கண்ணு வச்சிக்கிட்டா போதும்."

குடிபுகுந்த எட்டாம் நாள், கூடத்துக் கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், ஒரு சிவப்புத் தடம் கண்டார். விரல் நுனி அளவுதான்.

மகன் செழியனின் பென்சில் டப்பா தரையில் கொட்டப்பட்டது. மரகதத்தின் குங்குமச்சிமிழ் வெளிச்சத்தில் ஆராயப்பட்டது. சுக்கு என்ற பழுப்பு நாயின் நான்கு கால்களையும் தூக்கி மோந்து பார்த்தார். பூனை வெள்ளை என்பதால் அதன் மேல் சந்தேகம் கொஞ்சம் குறைவு.

"உயரத்தைப் பாரு. ஒண்ணு சின்னப் பிள்ளை, இல்லேன்னா நாய்" என்றார். "சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சுக்குவைக் கொண்டுபோய்க் கூட்ஸ் ஷெட்ல விட்டுடுவேன்."

சாயங்காலம் ஆறு வயது மகள் யாழினி வந்து நின்றாள்.

"நான்தான்ப்பா."

"எதால பண்ணே?"

"க்ரேயான்."

"எந்தக் கையால?"

இடது கையை நீட்டினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வலது கையை நீட்டினாள்.

பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை. அதுவே அவருக்குச் சாட்சியாகத் தெரிந்தது. நாயை அனுப்பும் முடிவை அவர் மாற்றவில்லை.

சனிக்கிழமை காலை, ஊரார் யோசனை கேட்கப் போகும் ஏரிக்கரைக் குடிலுக்குப் போனார். அங்கே இருந்தவள் பச்சைநாயகி. அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் ஊரே அவளைத் தாயி என்றுதான் கூப்பிடும். அவரும் அப்படித்தான். மடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டி.டி.ஆர் ஐயா. இன்னிக்கு யாரு மாட்டுனது?"

"தாயி, ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்குள்ள பொய் சொல்றது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு நாயை விடப்போவதையும் சொன்னார். அவள் இடையில் ஒன்றுதான் கேட்டாள்.

"சுவத்துக்கு என்ன, பெயிண்டா?"

"சுண்ணாம்பு, தாயி. சுத்தமான சுண்ணாம்பு."

அவள் மடியை உதறிக்கொண்டு எழுந்தாள். "வீட்டுக்குப் போவோம்."

வீட்டில் மரகதத்திடம் ஒரு துண்டு மஞ்சள் கேட்டு வாங்கித் தண்ணீர் விட்டு உரசினாள். அதை அவரிடம் நீட்டினாள்.

"விரல்ல தொட்டு, அந்தத் தடத்துக்குப் பக்கத்துல ஒண்ணு வைங்க."

"என் சுவத்துலயா?"

"பின்னே, அடுத்த வீட்டுச் சுவத்துலயா?"

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் வைத்தார். மஞ்சளாக இருந்தது. துடைக்கத் துணி எங்கே என்று தேடித் திரும்புவதற்குள் அது சிவந்திருந்தது.

"ஐயோ, ஆரத்தி!" என்றாள் மரகதம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். குடிபுகுந்த அன்று அந்த ஆரத்தியைத்தான் அவருக்குச் சுற்றினார்கள்.

"அப்போ அந்த மொதல் தடம்?"

"நான் வச்சதுதான்" என்றாள் பச்சைநாயகி. "புதுத்துணி உடுத்துறதுக்கு முன்னாடி ஓரத்துல மஞ்சள் வைக்கிறோமில்ல? உங்க வீடு புதுவேட்டி மாதிரி இருந்துச்சு. குடிபுகுந்த அன்னிக்கு நானும் வந்து தரையில உக்காந்திருந்தேன். கை எட்டின இடத்துல வச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தாயி?"

"எல்லாரையும் கேட்டீங்க. நாய்க்காலைக்கூட மோந்து பாத்தீங்க. என்னைக் கேக்கலையே."

அவர் சிரிக்கவில்லை. அவர் மனம் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டிருந்தது.

"அது சரி தாயி. யாழினி எதுக்குச் செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா? அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

பச்சைநாயகி பதில் சொல்வதற்குள் யாழினியே உள்ளே வந்தாள். பின்னால் சுக்கு. அப்பாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். நேற்று ஒன்று இருந்த இடத்தில் இன்று இரண்டு. சட்டென்று உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ரெண்டாவதும் நான்தான்ப்பா."

யாரும் கேட்காமலே வலது கையை நீட்டினாள்.

"இந்தக் கையால."

சுக்கு அந்தக் கையை நக்கியது.

ஞானசிகாமணி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இவகிட்ட நான் என்ன சொல்லணும், தாயி?"

"ஒண்ணும் சொல்லவேண்டாம். உங்க விரல்ல இன்னும் மஞ்சள் இருக்கு. அதை அவகிட்ட காட்டுங்க."

தோழியின் அம்மாவுக்கும் இதுவரைதான் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானும் மஞ்சளை நனைத்துச் சுவரில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில், சுண்ணாம்பு அடித்துப் பல வருஷமான பழைய சுவரில் அது மஞ்சளாகவே இருந்தது. அன்று காலை புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில், நான் பத்து எண்ணுவதற்குள் சிவந்தது.