டீப்பாய்க் கிறுக்கர் வீட்டுச் சம்பந்தம்

சரி சரி, காலை உதைக்காதே. போர்வையை இழுத்துக்கோ. நடுவுல "ம்" சொல்லணும், ஆமா. இல்லைன்னா நான் சுவத்துக்குக் கதை சொன்ன மாதிரி ஆயிரும்.

ஒரு ஊர்ல ஒரு டீப்பாய்க் கிறுக்கர் இருந்தார். பேரு சிங்காரவேலு. சில பேருக்கு நகைக் கிறுக்கு, சில பேருக்குச் சீட்டுக் கிறுக்கு, இவருக்கு டீப்பாய். அதுவும் பழசாத்தான் இருக்கணும். எங்கேயாவது பழைய வீட்டை இடிக்கிறாங்கன்னு காதுல விழுந்தாப் போதும், சாப்பிட்ட கை காயறதுக்குள்ள ஓடிருவார். அப்புறம் கடகட கடகடன்னு வண்டி வரும், ஒரு டீப்பாய் இறங்கும். வட்டக் கண்ணாடிக்குப் பித்தளை விளிம்பு கட்டினது ஒண்ணு. பளிங்குக் கல்லுல பூ பதிச்சது ஒண்ணு. முந்திரிப்பருப்பாட்டம் வளைஞ்சு, பென்சில் மாதிரி நாலு காலையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறது ஒண்ணு. எல்லாத்துக்கும் மேல, வெள்ளைக்காரன் காலத்து ரோஸ்வுட் டீப்பாய். நாலும் சிங்கக் காலு, நகம்கூட இருக்கும்! அதுதான் அவருக்கு உசிரு. கூடத்துல நடக்கணும்னா பாண்டி ஆடற மாதிரி ஒத்தைக் கால்ல தாவித் தாவித்தான் போகணும். ம்?

ஆனா இத்தனை இருந்து என்ன? ஒண்ணு மேலயும் ஒரு டம்ளர் வெக்க விடமாட்டார் மனுஷன். "கறை விழுந்திரும்! கறை விழுந்திரும்!" அவர் பொஞ்சாதி பூரணம் பாவம், அடுப்படியில நின்னுக்கிட்டேதான் காப்பி குடிப்பா. என்ன கொடுமை பாரு!

அவங்களுக்கு ஒரே பையன், கதிரேசன். அவனுக்கு மங்கைங்கிற பொண்ணு மேல ஆசை, மங்கைக்கும் அவன் மேல ஆசை. மங்கைக்கு அப்பா அம்மா கிடையாது. வளர்த்ததெல்லாம் அவ அத்தை தாயம்மாதான். அந்தம்மா ஒரே பேச்சாச் சொல்லிட்டா: "நான் அந்த வீட்டை என் கண்ணால பார்க்கணும். பிடிக்கலைன்னா இந்தச் சம்பந்தம் கிடையாது."

அப்புறம் அத்தை வந்தா. தொம் தொம்னு நடந்து வந்து சோபாவுல உக்காந்தா. பூரணம் எவர்சில்வர் டம்ளர்ல பொசுபொசுன்னு நுரையோட காப்பி கொண்டு வந்து குடுத்தா. யப்பா, என்ன சூடு! அத்தை டம்ளரைக் கண்ணாடி டீப்பாய் மேல வெக்கப் போனா.

"அய்யய்யோ! கீறல் விழுந்திரும்மா!"ன்னு குதிச்சார் சிங்காரவேலு.

அத்தை ஸ்ஸ்னு கையை மாத்திக்கிட்டா. அப்புறம் மெதுவாப் பளிங்கு டீப்பாய் பக்கம் குனிஞ்சா.

"வேண்டாம்மா! அந்தக் கல்லு காப்பியைக் குடிச்சிரும், கறை உள்ளே இறங்கிரும்!"

"ஏங்க, காப்பி குடிக்க நான் வந்தேனா, உங்க கல்லு வந்துச்சா?"

ம் சொல்லு. சிரிச்சா மட்டும் போதுமா?

அப்போ மூணாவதா, அத்தை நேரா அந்தச் சிங்கக் கால் டீப்பாய் மேலயே டம்ளரை இறக்கினா. சிங்காரவேலு என்ன பண்ணார் தெரியுமா? பாய்ஞ்சு போய்த் தன்னோட உள்ளங்கையை நீட்டிட்டார்! டம்ளர் பொத்துனு அவர் கையில உக்காந்துருச்சு. "ஆ... ஊ... ஆ..." மனுஷன் துள்றார், டம்ளரை மட்டும் கீழே விடலை.

அத்தை சிரிக்கலை. "மேசைக்குச் சுடும்னு கையைக் குடுக்கிறீங்க. நாளைக்கு எங்க மங்கை இங்க வந்தா, அவ டம்ளரை எங்க வெப்பா?"ன்னு கேட்டா.

அப்போ அடுப்படி வாசல்ல நின்ன பூரணம் சொன்னா: "அவளும் அடுப்படியில நின்னு குடிப்பா. என்னை மாதிரி."

அத்தை விருட்டுனு எழுந்துட்டா. "அப்போ நான் வரேன். வேற இடம் பார்த்துக்கறோம்."

கதிரேசன் மூஞ்சி வாடிப் போச்சு. சிங்காரவேலு மகனைப் பார்த்தார். அப்புறம் பூரணத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் கூட இருந்தவ நின்னுக்கிட்டேதானே குடிச்சான்னு அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். அந்தச் சிங்கக் கால் டீப்பாய் மேல டம்ளரை டொக்குனு வெச்சார்!

"பூரணம், நீயும் உன் டம்ளரை எடுத்துட்டு வா. இங்க வந்து உக்காரு."

பூரணம் வந்து உக்காந்தா. அவ டம்ளரும் டொக்! அத்தை தன் டம்ளரைத் தூக்கிப் பார்த்தா, பாலிஷ் வெந்து வெள்ளையா ஒரு வட்டம். முந்தானையால தேய் தேய்னு தேய்ச்சா.

"அழியலையே?"

"அழியாதும்மா"ன்னார் சிங்காரவேலு.

அத்தை அவரைப் பார்த்தா, கதிரேசனைப் பார்த்தா. திரும்பியும் சோபாவுல தொம்முனு உக்காந்தா. "அப்போ இலையைப் போடுங்க. சாப்பிட்டுத்தான் போவேன்."

அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதுல்ல? சம்பந்தம் முடிவானாத்தான் கண்ணு, பொண்ணு வீட்டுக்காரங்க அங்க கை நனைப்பாங்க. கதிரேசன் எகிறிக் குதிச்சதுல முந்திரிப்பருப்பு டீப்பாய்ல கால் இடிச்சு, ங்ஙேன்னு கத்தினான்.

ஆனா பூரணம் அசையவே இல்லை. காலை நல்லா நீட்டிக்கிட்டு, "இருங்க சம்பந்தி. நான் காப்பியைக் குடிச்சு முடிச்சிட்டுப் போடறேன்"னா.

அவ்வளவுதான். பீப்பீ டும்டும், கல்யாணமும் ஆச்சு, கதையும் ஆச்சு. இனி உன் கண்ணுதான் பாக்கி. மூடு.